டாலியின் வீட்டுக்குள் நான் பார்த்தது

ஸ்பெயின் ஓவியர் சால்வடோர் டாலி என்றாலே எல்லோருக்கும் மீசைதான் முதலில் ஞாபகம் வரும். அப்புறம், 1936இல் லண்டனில் ஆழ்கடல் முக்குளிப்பு உடையோடு மேடையேறி, கவசத்துக்குள் மூச்சுத் திணறிய கதை. 1955இல் ரோல்ஸ் ராய்ஸ் கார் நிறையக் காலிஃபிளவரை ஏற்றிக்கொண்டு பாரிஸின் சொர்போன் பல்கலைக்கழகத்துக்குப் பேசப் போன கதை. நானும் இவற்றையெல்லாம் படித்துவிட்டுத்தான் ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில் இருக்கும் போர்ட் லிகாட்டுக்குப் போனேன். அங்கே தெரிந்தது வேறொரு டாலி.

சின்ன வளைகுடா, கரையில் படகுகள், வெள்ளையடித்த வீடு. 1930இல் ஒரு மீனவக் குடிசையை வாங்கி, பக்கத்துக் குடிசைகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, டாலியும் மனைவி காலாவும் சுமார் நாற்பது ஆண்டுகள் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அதனால் ஓர் அறை மேலே, அடுத்தது கீழே என்று ஏறி இறங்கித்தான் போக வேண்டும். வாசலில் பாடம் செய்த கரடி ஒன்று, கழுத்தில் மாலைகளோடு விளக்கேந்தி நிற்கிறது. கூட்டம் அங்கேதான் மொய்க்கிறது.

எனக்கு அவருடைய ஓவிய அறையை விட்டு வரவே மனமில்லை. தரையில் நீளமாக ஒரு பிளவு. ஓவியச் சட்டகத்தை அதன் வழியாக ஏற்றலாம், இறக்கலாம். ஏணி வேண்டாம், எழுந்து நிற்கவும் வேண்டாம். ஆள் நாற்காலியில் உட்கார்ந்தே இருக்க, வரைய வேண்டிய இடம் கண்ணுக்கு நேராக வந்து நிற்கும். 1951இல் அவர் வரைந்த சிலுவைக் கிறிஸ்து இரண்டு மீட்டருக்கும் அதிக உயரம். அதன் அடிப்பகுதியில் படகோடு தெரிவது இந்த வளைகுடாதான்.

மதியத் தூக்கத்துக்கும் ஒரு முறை வைத்திருந்தார். விரல்களில் கனமான சாவி, கீழே கவிழ்த்து வைத்த தட்டு. கண் அசந்ததும் சாவி தட்டில் விழும், ஆள் விழித்துவிடுவார். அவ்வளவுதான் தூக்கம். 1948இல் வெளிவந்த ஓவிய நூலில் இளம் ஓவியர்களுக்கு இதை அவரே சொல்லித் தருகிறார். படுக்கையிலிருந்தபடியே சூரிய உதயத்தைப் பார்க்க ஒரு கண்ணாடியையும் சாய்த்து மாட்டியிருக்கிறார்.

வெளியே காட்டிய கிறுக்குத்தனம் விளம்பரத்துக்கு. வீட்டுக்குள் இருந்த கிறுக்குத்தனம் வேலைக்கு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு முடியைக்கூடப் பிசகாமல் வரைந்த கை அது. அந்தக் கைக்குப் பின்னால் அசாத்தியமான ஒழுங்கு இருந்திருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. 1967இல் ஏர் இந்தியாவுக்குச் சாம்பல் கிண்ணம் வடிவமைத்தார். அன்னத்தைத் தலைகீழாகப் பார்த்தால் யானை, யானையைத் தலைகீழாகப் பார்த்தால் அன்னம்; அழகான வேலை. கூலியாக என்ன கேட்டார் தெரியுமா? ஒரு யானைக்குட்டி! பெங்களூரிலிருந்து விமானத்தில் ஜெனீவா, அங்கிருந்து லாரியில் ஸ்பெயின். கடைசியில் அது வலென்சியா மிருகக்காட்சிசாலையில் போய்ச் சேர்ந்தது. ஒரு மனிதரின் ஆசைக்காகத் தாயைப் பிரிந்து கண்டம் தாண்டிய குட்டியை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

போக நினைப்பவர்கள் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், சின்னச் சின்னக் குழுவாகத்தான் உள்ளே விடுகிறார்கள். அவர் பிறந்த ஊரான ஃபிகேரெஸில் 1974இல் அவர் திறந்த அருங்காட்சியகத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். அவருடைய சமாதியும் அங்கேதான் இருக்கிறது.