கீமோ மருந்தின் அளவில் ஆண், பெண் பார்க்க வேண்டாமா?

பென்னாகரத்துப் பெண்:
எங்கள் அத்தைக்குப் பெருங்குடல் புற்றுநோய். 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தை ஏற்றியதும் வாயெல்லாம் புண்ணாகி, பேதி நிற்காமல், ராகிக் கூழ்கூட இறங்கவில்லை. உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் அளவு போடுகிறார்கள். ஆனால் இந்த மருந்து பெண் உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது, பக்கவிளைவும் பெண்களுக்கே அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பிறகும் ஏன் ஒரே கணக்கு? அமெரிக்காவில் 1977 முதல் 1993 வரை பிள்ளை பெறும் வயதுப் பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றே வைத்திருந்தார்கள்.

ஓசூர்க்காரன்:
அக்கா, உயிருக்கு ஆபத்தான நோய்களுக்கு அதில் விலக்கு உண்டு, புற்றுநோயை அதோடு முடிச்சுப் போடாதீர்கள். அளவைக் குறைத்து நோய் திரும்பி வந்தால் யார் பதில் சொல்வது? இந்தியாவில் ஆண்களுக்கு வருவதில் வாய்ப்புற்றுதான் முன்னால் நிற்கிறது. எங்கள் கம்பெனியில் எத்தனை பேர் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள், வாயைத் திற என்றால் ஓடுகிறார்கள். பெண்களுக்கு மார்பகம், கருப்பைவாய் என்று முகாம் நடக்கிறது, ஆம்பளைகளை யார் தேடிப் போகிறார்கள்?

பென்னாகரத்துப் பெண்:
விலக்கு இருந்தது சரி தம்பி, சேர்த்த பிறகாவது முடிவை ஆண், பெண் என்று ஒழுங்காகப் பிரித்துப் பார்த்தார்களா? அப்புறம் முகாமில் கண்டுபிடித்து என்ன, சிகிச்சைக்குப் போக வேண்டாமா? டெல்லி எய்ம்ஸுக்கு 2016இல் வந்த வெளிநோயாளிகளைக் கணக்கெடுத்ததில், ஊர் தூரமாகத் தூரமாகப் பெண்கள் குறைந்துகொண்டே போனார்கள். இங்கேயும் அடையாறு, பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைகள் என்றால் ஆம்பளை அன்றைக்கே பஸ் ஏறுகிறார், பொம்பளைக்கு 'அறுவடை முடியட்டும்' என்கிறார்கள்.

பாலக்கோடு நர்ஸ்:
ஓசூர் தம்பி, இதைப் பெண்களுக்கான சலுகையாகப் பார்க்காதீர்கள். நிணநீர்ப் புற்றுக்குக் கொடுக்கும் ரிட்டுக்ஸிமாப், வயதான ஆண்களின் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடுகிறது. ஜெர்மனியில் 60 தாண்டிய ஆண்களுக்கு மட்டும் உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 375 மி.கி.க்குப் பதில் 500 கொடுத்தார்கள், பலன் பெண்களுக்கு இணையாக வந்தது. பிரித்துப் பார்த்ததால்தான் ஆண்களுக்குப் போதவில்லை என்றே தெரிந்தது. சிறுநீர்ப்பைப் புற்றில் இது மறுபக்கம்: ஆண்களுக்கே அதிகம் வருவதால், பெண்ணுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தால் கிருமித் தொற்று என்று மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள், நோய் முற்றித்தான் தெரிய வருகிறது.

ஓசூர்க்காரன்:
ரிட்டுக்ஸிமாப் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஷிஃப்ட் விடும் நேரத்தில் கம்பெனி வாசலிலேயே வாய்ப் பரிசோதனை வையுங்கள், அதுதான் முதலில் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

பாலக்கோடு நர்ஸ்:
வைக்கட்டும், நானே வருகிறேன். பென்னாகரம் அக்கா, நீங்களாக டோஸைக் குறைக்கச் சொல்லாதீர்கள். பேதி ஒரு நாளைக்கு எத்தனை முறை, புண் என்றைக்கு வந்தது, காய்ச்சல் உண்டா, எல்லாம் தேதியோடு எழுதி அடுத்த டோஸுக்கு முன்னால் டாக்டரிடம் காட்டுங்கள். அதை வைத்துத்தான் அளவை மாற்றுவார்கள்.