டிங்கி ஃபோடன் லாரி: படம் எடுக்கும் முன் பெயின்ட் அடிக்கலாமா?

சங்கிலிலாரி (பர்மிங்ஹாம்)
போன ஞாயிறு கார் பூட் சேலில், அதாவது கார் டிக்கியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தையில், ஒரு டிங்கி சூப்பர்டாய்ஸ் ஃபோடன் பொம்மை லாரி கிடைத்தது. எட்டுச் சக்கரம், தட்டையான முதுகு, ஓரமெல்லாம் குட்டிக் கம்பம் நட்டுச் சங்கிலி கோத்தது. டிங்கி பட்டியலில் எண் 905. நாற்பத்தைந்து கேட்டார், முப்பது பவுண்டுக்குப் படிந்தது. பெட்டி கிடையாது, ஒரு பக்கச் சங்கிலியும் கிடையாது. மெரூன் நிறம். மூக்கிலும் தட்டின் ஓரத்திலும் உதிர்ந்து உலோகம் பல்லைக் காட்டுகிறது.

விற்கிற எண்ணம் இல்லை. நல்ல படம் நாலு எடுத்துச் சுவரில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான். இப்படியே எடுத்தால் காயலான் கடைச் சரக்கு மாதிரி இருக்கிறது. சுரண்டிவிட்டு அதே நிறத்தில் ஸ்ப்ரே அடிக்கலாமா?

ஈயப்பானை (சென்னை)
தொடாதீர்கள். சோப்புத் தண்ணீர், மெல்லிய பிரஷ், அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

1947-இல் சூப்பர்டாய்ஸ் வரிசை வந்தபோதே ஃபோடன் அதில் இருந்தது. டிங்கி செய்த லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலை 1979-இல் மூடிவிட்டது. அங்கே அடித்த பெயின்ட் இனி யாராலும் அடிக்க முடியாது. நீங்கள் அடிப்பது கடைப் பெயின்ட். பார்க்க ஒன்றுபோல இருக்கலாம், அது வேறு விஷயம்.

பட்டறை_மணி (கோவை)
பானை சார் வழக்கமான பாட்டு. தம்பி, நீங்கள் தாராளமாக அடியுங்கள். 905 அபூர்வச் சரக்கு இல்லை. முகப்பு மூடின இரண்டாம் வகை கேபின்தானே? முதல் வகை கேபினில் சங்கிலி லாரி கொஞ்ச காலம்தான் வந்தது, அதென்றால் நானே கையைக் கட்டிக்கொள்வேன்.

ஒன்று மட்டும்: காஸ்டிக் சோடாவில் ஊறப்போடாதீர்கள். இது துத்தநாகக் கலவை, சோடா உலோகத்தையே அரிக்கும். பெயின்ட் ரிமூவர் போதும். டயரை முதலில் கழற்றுங்கள். அடித்தகடு ரிவெட்டில் நிற்கும், தலையை மட்டும் அரத்தால் தேய்த்து எடுத்தால் பிறகு பசை வைத்து ஒட்டலாம்.

ஈயப்பானை
அந்த ரிவெட் தலைதான் அந்த லாரியின் சாட்சி, மணி. அதைத் தேய்த்துவிட்டால் உள்ளே யார் கை வைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? இன்று இவர் "விற்க மாட்டேன்" என்கிறார், சரி. பத்து வருஷம் கழித்து இவர் பையன் விற்பான். வாங்குகிறவன் அசல் என்று நம்புவான். நகல் பெட்டி, நகல் ஸ்டிக்கர், நகல் டயர் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கிற காலம். நகல் பெட்டியையாவது புற ஊதா விளக்கில் பிடித்தால் பெரும்பாலும் வெள்ளையாக மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். பெயின்ட்டை அவ்வளவு சுலபமாகப் பிடிக்க முடியாது.

பட்டறை_மணி
விற்கிறவன் ஏமாற்றினால் அது பெயின்ட்டின் குற்றமா? அடித்தகட்டின் உள்ளே தேதி கீறி வைத்தால் போச்சு. நான் செய்கிற எல்லாவற்றிலும் கீறுகிறேன்.

அசல் அசல் என்கிறீர்களே, டிங்கி அச்சுகளே 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்து "நிக்கி டாய்ஸ்" என்ற பெயரில் வார்க்கப்பட்டன. அது அசலா நகலா? அதே அச்சு, வேறு கை. உங்கள் அலமாரியில் அது இரண்டு இருக்கிறது, எனக்குத் தெரியும்.

ஈயப்பானை
மூன்று. மூன்றிலும் கல்கத்தாவில் அடித்த பெயின்ட் அப்படியே இருக்கிறது.

ஜன்னலோரம் (மதுரை)
இரண்டு பேரும் விலை, சாட்சி என்றே பேசுகிறீர்கள். அவர் கேட்டது படம் பற்றி. அதற்கு நான் பதில் சொல்கிறேன்.

படம் காயலான் கடை மாதிரி வருவதற்கு உதிர்ந்த பெயின்ட் காரணம் இல்லை, தம்பி. போனை ஒரு சாண் தூரத்தில் வைத்து, நின்றபடி மேலிருந்து எடுத்திருப்பீர்கள். மூக்கு பூசணிக்காய் மாதிரி உப்பி, பின்பக்கம் சூம்பிப் போயிருக்குமே? ஒரு மீட்டர் பின்னால் போய் மூன்று மடங்கு லென்ஸில் எடுங்கள். அப்புறம் உயரம். இந்த ஃபோடன் ஏறத்தாழ 48-இல் ஒரு பங்கு. தெருவில் நிற்கிற ஆளின் கண் 160 சென்டிமீட்டரில் இருந்தால் உங்கள் லென்ஸ் தரையிலிருந்து மூணேகால் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். போனைத் தலைகீழாகப் பிடித்தால்தான் லென்ஸ் அவ்வளவு கீழே வரும். வெளிச்சத்துக்கு ஒரு ஜன்னல், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

புதுசாக ஸ்ப்ரே அடித்த வண்டியில் ஜன்னல் சட்டமே பளிச்சென்று தெரியும். தேய்ந்த பெயின்ட் அந்த வெளிச்சத்தைச் சிதறடித்துவிடும். எனக்கு எப்போதும் தேய்ந்ததுதான் படத்தில் அமைகிறது.

பட்டறை_மணி
அக்கா, உங்கள் கணக்கையே உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறேன். இரண்டு மில்லிமீட்டர் உதிர்ந்திருந்தால் 48 மடங்கில் அது கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர். பெயின்ட் கனம் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் நிஜ லாரியில் அது ஐந்து மில்லிமீட்டர் ஓடு. ஐந்து மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயின்ட் உரிகிற லாரியை எந்த ஹைவேயில் பார்த்தீர்கள்? உதிர்ந்த இடம் தெரிந்த நிமிஷமே "இது பொம்மை" என்று படம் சொல்லிவிடும். மெல்லிசாக ஏர்பிரஷ் அடித்து, பளபளப்பை அரைவாசி குறைத்தால் லாரி லாரியாக நிற்கும்.

ஜன்னலோரம்
கணக்கு சரி. ஆனால் அது பொம்மைதானே? பொம்மையை லாரி என்று நம்ப வைக்கிற படம் ஒரு வித்தை. நானும் செய்திருக்கிறேன். ஆற்று மணலைக் கொட்டி எடுத்துவிட்டுப் பார்த்தால் அரை மில்லிமீட்டர் மணல் ஒவ்வொன்றும் ஒரு இஞ்சு ஜல்லி மாதிரி நின்றது. கடைசியில் செங்கல் தூளை வேட்டித் துணியில் சலித்துத்தான் செம்மண் சாலை வந்தது. அழகாகத்தான் இருந்தது. இரண்டு மாதத்தில் அலுத்துவிட்டது. எந்த லாரியை வைத்து எடுத்தோம் என்றே படத்தில் தெரியவில்லை, எதை வைத்திருந்தாலும் அதே படம்தான்.

தேயிலைவேன் (ஹட்டன்)
நான் டிங்கி இல்லை, மேட்ச்பாக்ஸ் பொம்மை செய்த லெஸ்னி கம்பெனி பக்கம். மேட்ச்பாக்ஸ் 47-ஆம் எண், சிவப்பு ட்ரோஜன் வேன், பக்கவாட்டில் "புரூக் பாண்ட் டீ". எங்கள் ஊரில் இதை வைத்திருக்க வேறு காரணம் தேவையில்லை. எழுத்து பாதி போய்விட்டது. நகல் எழுத்து வாங்கி ஒட்டலாம் என்று இரண்டு தரம் நினைத்து இரண்டு தரமும் விட்டுவிட்டேன். மணி அண்ணை சொல்லுவதில் பிழை இல்லை, ஆனால் ஏனோ கை போகவில்லை.

ஈயப்பானை
பெயின்ட்டாவது மிஞ்சுகிறது. போருக்கு முந்தைய டிங்கி வைத்திருப்பவர்களுக்கு அந்த யோகமும் இல்லை. அன்றைய துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டது. உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, வெடிக்கும். மருந்து கிடையாது, ஈரமும் சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம். என்னிடம் 1930களின் வேன் ஒன்று இருந்தது. ஒருநாள் அலமாரியைத் திறந்தபோது நாலு சக்கரமும் தனியாகக் கிடந்தன, கூரை மூன்று துண்டு. எடுத்தபோது பிஸ்கட் மாதிரி விரலில் பொடிந்தது. நல்லவேளை, முந்தின வருஷம் ஆறு பக்கமும் படம் எடுத்திருந்தேன், அடித்தகடு உட்பட. அதனால்தான் சொல்கிறேன், படம் என்றால் இருப்பதை இருக்கிறபடி எடுங்கள்.

சங்கிலிலாரி, ஒரு வேலை செய்யுங்கள். தட்டைத் திருப்பி அடியில், கேபின் பின்சுவரும் தட்டும் சேர்கிற இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். என்ன நிறம்?

சங்கிலிலாரி
மன்னிக்கவும், வேலை முடிந்து இப்போதுதான் பார்த்தேன். கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

இடுக்கில் பச்சை.

பல்குத்தும் குச்சியால் நெருடினேன். மெரூனுக்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே உலோகம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கதவுப் பக்கம் மெரூனுக்குள் ஒரு பிரஷ் மயிரே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கம்பங்களின் அடியில் பெயின்ட் சொட்டி உறைந்திருக்கிறது. ரிவெட் மட்டும் தொடாமல் இருக்கிறது.

பட்டறை_மணி
ஹா! பானை சார், பின்ஸ் ரோடு பெயின்ட் இனி யாராலும் அடிக்க முடியாது என்றீர்களே. யாரோ ஒரு வீட்டுக்காரர் கதவுக்கு அடித்து மிச்சமானதை எப்போதோ அடித்திருக்கிறார். தம்பி, இனி என்ன தடை? ரிமூவரை எடுங்கள்.

ஈயப்பானை
தடை இப்போதுதான் வலுவாக இருக்கிறது. அடியில் அசல் பச்சை உயிரோடு இருக்கிறது. ரிமூவர் இரண்டையும் சேர்த்துத் தின்றுவிடும். மெரூன் பச்சையை நன்றாகப் பிடித்திருக்காது, குச்சியால் ஓடு ஓடாகப் பெயர்த்தால் சில இடத்தில் வரும். மாதக் கணக்கில் ஆகும். மரக்குச்சி மட்டும், உலோகம் கூடாது.

பட்டறை_மணி
அதாவது பழைய பெயின்ட்டை எடுக்கலாம் என்கிறீர்கள். நேற்று வரை எடுக்கக் கூடாது.

ஈயப்பானை
நேற்று வரை அது பின்ஸ் ரோடு பெயின்ட் என்று நினைத்தேன்.

தேயிலைவேன்
அந்த மெரூன் அடித்தவரும் அந்தக் காலத்து ஆள்தானே? பிள்ளைக்குப் புது லாரி வாங்கக் காசில்லாத யாரோ ஒரு தகப்பனாக இருக்கலாம். அதை மட்டும் ஏன் சுரண்ட வேண்டும்?

ஜன்னலோரம்
யாரும் எதையும் சுரண்டும் முன் எனக்கு ஒரு படம் வேண்டும், தம்பி. மூக்கில் உதிர்ந்த அந்த இடம். உலோகம், பச்சை, மெரூன் மூன்றும் படி படியாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். போனில் மிகக் கிட்டத்தில் எடுக்கிற மேக்ரோ இருந்தால் அதில், இல்லையென்றால் பூதக்கண்ணாடியை லென்ஸ் முன்னால் பிடித்து.

சங்கிலிலாரி
எடுத்தேன் அக்கா, புத்தக அடுக்கின் மேல் வைத்து, காலை எட்டு மணி வெளிச்சத்தில். நாளைக்குப் போடுகிறேன். மூன்று நிறமும் வந்திருக்கிறது. அந்தப் பிரஷ் மயிரும் வந்திருக்கிறது.

மணி அண்ணே, சங்கிலி மட்டும் கேட்கலாமா? ஒரு பக்கத்துக்கு, பழசாகவே இருந்தால் நல்லது.

பட்டறை_மணி
கேபின் நசுங்கின ஃபோடன் ஒன்று என் டப்பாவில் கிடக்கிறது, அதன் சங்கிலி இருக்கிறது. அனுப்புகிறேன். பானை சார் அனுமதி தந்தால்.

ஈயப்பானை
அனுப்பும் முன் அந்த நசுங்கினதையும் ஆறு பக்கம் படம் எடுத்துவிடு.