சதாபிஷேகக் குழு: மேடைக்குப் பின்னால் யாருடைய படம்?

சனிக்கிழமை, காலை 6.42

பெரியப்பா (திருச்சி): அனைவருக்கும் வணக்கம். திருக்கடையூரில் அப்பாவின் சதாபிஷேகம் முடிந்த மறுநாள் மாலை, திருச்சி மண்டபத்தில் மூன்று மணி நேரம் மெல்லிசைக் கச்சேரி என்று பேசி முன்பணமும் கொடுத்துவிட்டேன். மேடைக்குப் பின்னால் கட்டும் ஃப்ளெக்ஸில் அப்பா, அம்மா படத்துக்குப் பக்கத்தில் ஒரு பாடகரின் படம் வைக்க இடம் விட்டிருக்கிறார்கள். அவருடைய பாட்டோடுதான் கச்சேரியும் தொடங்கும். யார் படம் என்பதை இன்று மாலைக்குள் சொல்லிவிடுங்கள்.

சித்தப்பா (சென்னை): இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது, அண்ணா? டி.எம்.எஸ். படத்தை வையுங்கள்.

அத்தை (கும்பகோணம்): சுசீலாம்மா.

அண்ணன் (பெங்களூரு): என் ஓட்டு எஸ்.பி.பி.க்கு.

சித்தி (சென்னை): 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடி, பாரத ரத்னாவும் பெற்ற எம்.எஸ். அம்மாவை யாருமே நினைக்கவில்லையே.

பெரியப்பா: ஒருவர் படம் என்றுதான் எழுதியிருக்கிறேன். நான்கு பேரும் நான்கு பெயரைச் சொன்னால் நான் ஃப்ளெக்ஸ் கடையில் என்ன சொல்வது? காரணத்தோடு எழுதுங்கள்.

சின்னத்தாத்தா (மதுரை): எல்லோருக்கும் ஆசிகள். தமிழ்நாட்டில் பிறந்த குரல்களில் எது தலைசிறந்தது என்று கேட்டால், முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒலிபெருக்கி வருவதற்கு முன் பாடியவர்கள் ஒரு வகை. அது வந்த பின் பாடியவர்கள் இன்னொரு வகை. பின்னவர்கள் எவ்வளவு மெதுவாக முணுமுணுத்தாலும் ஒலிவாங்கி அதைப் பிடித்துக்கொள்ளும். முன்னவர்களுக்கு அந்த உதவி கிடையாது. ஸ்பெஷல் நாடகக் கொட்டகையில் தரையில் உட்கார்ந்திருப்பவர், பின்னால் பெஞ்சில் இருப்பவர், தட்டிக்கு வெளியே நின்று கேட்பவர் என அத்தனை பேருக்கும் பாட்டின் சொல் விளங்க வேண்டும். அதுவும் விடிய விடிய, தொண்டை கட்டாமல். அந்தப் பயிற்சியில் வந்தவர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். அவர் படத்தைத்தான் வைக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. காரணங்களைத் தனித்தனியாக எழுதுகிறேன்.

சித்தப்பா: மதுரைச் சித்தப்பா எழுதி முடிப்பதற்குள் நான் என் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1954 என்ற ஒரே ஆண்டில் ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜிக்கும் ‘மலைக்கள்ளன்’ படத்தில் எம்.ஜி.ஆருக்கும் டி.எம்.எஸ். பாடினார். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் அந்த இருவருக்கும் அவர்தான் குரல். திரையைப் பார்க்காமல் வானொலியில் கேட்டாலே இது எம்.ஜி.ஆர். பாட்டு, இது சிவாஜி பாட்டு என்று நம் வீட்டில் எல்லோரும் சொல்லிவிடுவோம். எம்.ஜி.ஆருக்கு என்றால் சொல்லை நுனிநாக்கில் சுண்டி வெளியே விடுவார். சிவாஜிக்கு என்றால் அதே சொல்லை அடிவயிற்றிலிருந்து உருட்டிக்கொண்டு வருவார். ஒரே தொண்டையில் இரண்டு மனிதர்களை வைத்திருந்தவர் வேறு யார்?

மாமா (கும்பகோணம்): மைத்துனர் சொல்வது சரிதான். ஆனாலும் எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம் என்பதையும் பதிவு செய்கிறேன்.

பெரியப்பா: ஆறாவது பெயரும் வந்துவிட்டது.

அத்தை: தம்பி, இரண்டு மனிதர்களைப் பற்றிப் பேசுகிறாய். பத்மினி, சரோஜாதேவி, கே.ஆர். விஜயா, ஜெயலலிதா என்று எத்தனை பேருக்குச் சுசீலாம்மா பாடினார் என்பதை எண்ணிப் பார்த்தாயா? அவர் பிறந்தது விஜயநகரத்தில், தாய்மொழி தெலுங்கு. ஏவி.எம். நிறுவனம் ஆசிரியர் வைத்து அவருக்குத் தமிழ் உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்தது. அதன் பிறகு ‘பாக்கியலட்சுமி’யில் அவர் பாடிய ‘மாலைப் பொழுதின் மயக்கத்திலே’ பாட்டைக் கேட்டால் ஒரு ழகரம் கூடத் தவறாது. சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது முதன்முதலில் போனதே அவருக்குத்தான்; 1968-இல் வந்த ‘உயர்ந்த மனிதன்’ பாட்டுக்காகக் கொடுத்தார்கள். 2016-இல் கின்னஸ் புத்தகம் 17,695 பாடல்கள் என்று ஏற்றுக்கொண்டது. இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

அண்ணன்: அத்தை, எண்ணிக்கை வேறு, குரல் வேறு அல்லவா? எஸ்.பி.பி. முறையாகக் கர்நாடக சங்கீதம் படித்தவர் இல்லை. அப்படியிருந்தும் ‘சங்கராபரணம்’ படத்துக்குப் பாடித் தேசிய விருது பெற்றார். தெலுங்கு, இந்தி, கன்னடம், தமிழ் என நான்கு மொழிகளில் ஆறு தேசிய விருதுகள் வாங்கியிருக்கிறார். ‘கேளடி கண்மணி’யில் சரணத்தை மூச்சு விடாமல் பாடுவதாக அமைந்த பாட்டைத் தாத்தாவே எத்தனையோ முறை திரும்பப் போடச் சொல்லியிருக்கிறார்.

சின்னத்தாத்தா: பேரனுக்கு ஒரு விளக்கம். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பாட்டைத் துண்டு துண்டாகப் பாடி ஒட்டிவிட முடியும். மூச்சைப் பற்றி அங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. பாலசுப்ரமணியத்தின் பெருமை அந்த ஒரு பாட்டின் மூச்சில் இல்லை. ஒரு சொல்லைச் சிரித்துக்கொண்டே பாடி, அந்தச் சிரிப்பும் சுருதி விலகாமல் இருக்கும்படி செய்தாரே, அதில்தான் இருக்கிறது. அவரை நான் குறைத்துச் சொல்லவில்லை.

இப்போது சுந்தராம்பாளுக்கு வருகிறேன். 1935-இல் வந்த ‘நந்தனார்’ படத்துக்கு அவருக்குக் கொடுத்த ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். ஒரு பெண், ஆண் வேடமான நந்தனாராக நடித்துப் பாடினார். நடுவயதில் ஔவைக் கிழவியானார். 50 வயதைக் கடந்த பிறகு ‘திருவிளையாடல்’ படத்தில் முருகனைக் கூப்பிட்டுப் பாடினார். ஆண், பெண், இளமை, முதுமை என்ற வேறுபாடே அந்தக் குரலுக்கு இல்லை. டி.எம்.எஸ். இரண்டு நடிகர்களுக்கு ஏற்பத் தம் குரலை மாற்றினார். இந்த அம்மையார் எதையும் மாற்றவில்லை, வேடம்தான் அவர் குரலுக்கு ஏற்ப மாறிக்கொண்டது.

சித்தப்பா: சித்தப்பா, மதுரையில் இருந்துகொண்டு மதுரைக்காரரான டி.எம்.எஸ்ஸுக்கு எதிராகவா பேசுகிறீர்கள்?

சித்தி: எம்.எஸ். அம்மாவும் மதுரைதான்.

அத்தை: சின்ன அண்ணி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் மெல்லிசைக் குழு ‘காற்றினிலே வரும் கீதம்’ பாடி, அது நன்றாக அமையாவிட்டால் அப்பாவின் முகம் வாடிவிடும். எம்.எஸ். பாட்டை எடுத்தால் சரியாக எடுக்க வேண்டும்.

சித்தி: அண்ணி, நான் உங்கள் தம்பியின் மனைவி. ‘சின்ன அண்ணி’ என்ற பட்டம் எனக்கு எப்போது வந்தது?

அத்தை: பாட்டு வேகத்தில் விரல் தவறிவிட்டது, அம்மா.

மாமா: ஜானகியம்மாவை விட்டுவிட்டோம். ‘கொஞ்சும் சலங்கை’யில் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் ஒரு பெண் குரலும் போனது என்றால் அது சாதாரணமா?

பெரியப்பா: சாதாரணம் இல்லைதான். ஆனால் இது ஆறாவதா, ஏழாவதா என்று தெரியவில்லை.

பிற்பகல் 1.15

பெரியப்பா: சாப்பாட்டு வேளையில் அப்பாவிடமே கேட்டுவிட்டேன். “இதுவரை நீங்கள் கேட்ட குரல்களில் பெரிய குரல் யாருடையது?” என்றேன். மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, “கிட்டப்பா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அண்ணன்: அப்பா, நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-லேயே காலமாகிவிட்டாரே. தாத்தா பிறந்தது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அல்லவா?

சின்னத்தாத்தா: என் அண்ணன், அதாவது உங்கள் தாத்தா, சொன்னதில் எனக்கு வியப்பே இல்லை. எங்கள் தகப்பனார் செங்கோட்டை கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்த ‘வள்ளி திருமண’த்தை நேரில் பார்த்தவர். ‘காயாத கானகத்தே’, ‘எவரனி’ இரண்டும் இசைத்தட்டாக வீட்டில் இருந்தன. தட்டு சுற்றத் தொடங்கியதும் முதலில் வறுசட்டியில் கடுகு பொரிவது போன்ற சத்தம் வரும். அதைக் கிழித்துக்கொண்டு குரல் மேலே போகும். ஒரு பக்கம் மூன்று நிமிடம், கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். மேடையில் அவர் அரை மணி நேரம் விரித்துப் பாடியதை அந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்கியிருந்தார்கள். முள் நடுத்தாளைத் தொடுவதற்கு முன்பே தகப்பனார் கையால் தூக்கிவிடுவார். அண்ணனும் நானும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, இன்னொரு முறை போடுங்கள் என்று கெஞ்சுவோம்.

இன்றைக்குக் கர்நாடகக் கச்சேரியில் ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாடுகிறார்கள் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). கிட்டப்பா பாடியது நான்கு கட்டைக்கும் மேல். பெண்கள் பாடும் சுருதி அது. அதனால்தான் அவரும் சுந்தராம்பாளும் மேடையில் ஒரே சுருதியில் மாறி மாறிப் பாட முடிந்தது. கணவர் கிட்டப்பா இறந்தபோது அம்மையாருக்கு வயது 25. அதன் பிறகு வெள்ளைச் சேலை கட்டினார். ஆண் நடிகருக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்துவிட்டார். ஆகவே சுந்தராம்பாளின் படத்தை வைத்தால் கிட்டப்பாவையும் சேர்த்தே வைத்ததாகத்தான் அர்த்தம். அண்ணனின் விருப்பமும் நிறைவேறும்.

பெரியப்பா: அந்த இசைத்தட்டுகளும் கிராமபோன் பெட்டியும் இப்போது எங்கே இருக்கின்றன என்பதைத் தம்பி குழுவில் தெரிவிக்கலாம்.

சித்தப்பா: அண்ணா, பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக அப்பாவே என்னிடம் கொடுத்தார்.

பெரியப்பா: ‘ஒரு மாதத்துக்கு’ என்று கொடுத்தார்.

சித்தி: மாமா, பெட்டி எங்கள் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது. முள் கிடைக்காததால்தான் போடவில்லை. தட்டுகளைத் துணி சுற்றி நிறுத்தி வைத்திருக்கிறேன். படுக்க வைத்தால் வளைந்துவிடும் என்று என் மாமியார் அன்றே சொல்லியனுப்பினார்கள்.

அண்ணன்: இங்கே பழைய பொருள் கடையில் முள் கிடைக்கும், நான் வாங்கி வருகிறேன். ஆனால் கச்சேரியைக் கிட்டப்பா பாட்டோடு தொடங்குவது எப்படி? குழுத் தலைவரிடம் இப்போதுதான் பேசினேன். அந்தச் சுருதியில் பாட அவர்களிடம் ஆண் குரல் இல்லையாம். இறக்கிப் பாடலாமா என்று கேட்கிறார்.

சின்னத்தாத்தா: இறக்கிப் பாடினால் அது கிட்டப்பா பாட்டு ஆகாது. அந்தப் பாட்டின் உயிரே அது நிற்கும் உயரத்தில்தான் இருக்கிறது. பாடாமல் விட்டுவிடலாம், இறக்க வேண்டாம்.

மாமா: அப்படியென்றால் தட்டையே ஒலிக்கவிட்டு, அதன் பிறகு குழு பாடத் தொடங்கலாமே.

பெரியப்பா: மாப்பிள்ளை சொன்னது நல்ல யோசனை. தம்பி பெட்டியைக் கொண்டுவருவதாக எழுத்து மூலமாக உறுதி சொன்னால் அப்படியே செய்யலாம்.

சித்தப்பா: கொண்டுவருகிறேன், அண்ணா. ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டி எங்கே போகும் என்பதை அப்பாதான் சொல்ல வேண்டும்.

அத்தை: பெட்டிப் பேச்சை நேரில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் நான் சுசீலாம்மா பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது, பந்திக்கு நேரமாகிவிட்டது என்று சரணத்தின் நடுவில் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டீர்கள். யார் வாங்கியது என்று சொல்ல மாட்டேன். இந்த முறை நான் முழுப் பாட்டையும் பாடுவேன்.

பெரியப்பா: அன்று சமையல்காரர் அவசரப்படுத்தினார், அம்மா. இரண்டாவது பாட்டு உன்னுடையது. ‘மாலைப் பொழுதின் மயக்கத்திலே’ என்றே எழுதிக்கொள்கிறேன். மூன்றாவது டி.எம்.எஸ்., நான்காவது எஸ்.பி.பி. மீதியை ஞாயிற்றுக்கிழமை பேசலாம். படத்துக்கு விட்ட இடத்தை நாளை வரை அப்படியே வைத்திருக்கும்படி ஃப்ளெக்ஸ் கடையில் சொல்லிவிட்டேன்.

சித்தி: எம்.எஸ். அம்மா பாட்டு எத்தனையாவது என்று சொல்லவில்லையே, மாமா.

மாமா: சீர்காழிக்கும் ஓர் எண் கொடுங்கள், மச்சான்.

சின்னத்தாத்தா: ஃப்ளெக்ஸ் கடைக்கு ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும். படத்துக்குக் கீழே ‘கே.பி. சுந்தராம்பாள்’ என்று முதலெழுத்தோடு மட்டும் போடாமல், ‘கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள்’ என்று ஊர்ப் பெயரை முழுதாக அச்சிடச் சொல்லவும். அவர் சட்ட மேலவை உறுப்பினராக இருந்ததையும் சிறிய எழுத்தில் சேர்க்கலாம்.

பெரியப்பா: சித்தப்பா, யார் படம் என்பது இன்னும் முடிவாகவில்லை.