டெக்சஸ் வண்டியில் ஓக்லஹோமா பிளேட்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

நான் ஸ்டில்வாட்டரில், ஓக்லஹோமா ஸ்டேட்டில் எம்.எஸ். முடித்தவன். வேலை டல்லாஸ் பக்கம் அமைந்தது. டெக்சஸ் பதிவு எண்ணோடேயே எங்கள் காலேஜ் சின்னம் போட்ட பிளேட் கிடைக்கும் என்று தெரிந்ததும் வாங்கி மாட்டிவிட்டேன். "நம்பர் பிளேட்டுக்குத் தனியா தண்டம் கட்டுற ஆள் நீங்கதான்" என்று வீட்டில் சொன்னார்கள். சரி, சொல்லட்டும்.

போன மாதம் மளிகை வாங்கிவிட்டு பார்க்கிங்கில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய பிக்கப் என் பின்னால் வந்து, வழியை மறித்தபடி நின்றது. கண்ணாடி இறங்கியது. எழுபது வயசு இருக்கும் ஒரு வெள்ளைக்காரர், "கோ போக்ஸ்!" என்று எங்கள் காலேஜ் டீமின் கோஷத்தைக் கத்தினார். எங்கள் காலேஜ் நிறமான ஆரஞ்சில் தொப்பி போட்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்கப்புறம் அரை மணி நேரம் பேச்சு. ஸ்டில்வாட்டரின் எஸ்கிமோ ஜோஸ் ஹோட்டலில் சீஸ் ஃப்ரைஸ் இன்னும் அதே ருசியா, காலேஜுக்குள் இருக்கும் தீட்டா குளத்து வாத்துகள் எப்படி இருக்கின்றன, 2023-ல் நம் பரம எதிரி ஓக்லஹோமா யுனிவர்சிட்டியை 27-24 என்று அடித்தோமே அந்த ஃபுட்பால் மேட்ச்சை எங்கே பார்த்தாய் என்று வரிசையாகக் கேட்டார். 2024-ல் அவர்கள் எஸ்.இ.சி. என்கிற வேறு லீகுக்குப் போய்விட்டதால், பெட்லம் என்ற பேரில் இரண்டு டீமுக்கும் வருஷா வருஷம் நடந்த மேட்ச் நின்றுபோனதில் மனுஷனுக்கு அவ்வளவு வருத்தம். அவர் மனைவி வண்டிக்குள் இருந்து இரண்டு தடவை ஹாரன் அடித்த பிறகுதான் விட்டார்.

பத்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் தானாக வந்து பேசியது அதுதான் முதல் தடவை. வெளிமாநிலக் காலேஜ் பிளேட்டோ டீம் பிளேட்டோ வைத்திருப்பவர்கள், உங்கள் கதையையும் எழுதுங்கள்.


ப்ளேனோ, டெக்சஸ்

அண்ணா, எங்கள் வீட்டில் இது தினப்படிக் கூத்து. நான் படித்தது ஆஸ்டினில், யு.டி. என்கிற டெக்சஸ் யுனிவர்சிட்டி. வீட்டுக்காரர் படித்தது நார்மனில், ஓக்லஹோமா யுனிவர்சிட்டி. கராஜில் இரண்டு கார், இரண்டு பிளேட்.

அக்டோபரில் டல்லாஸ் காட்டன் பவுல் ஸ்டேடியத்தில் இரண்டு காலேஜ் ஃபுட்பால் டீமும் மோதும் அந்தச் சனிக்கிழமை மட்டும் அவர் காரில் ஏற எனக்குப் பயம். ஸ்டேடியத்தில் மைதானத்தின் நடுவில் இருக்கும் ஐம்பது கெஜக் கோட்டோடு பாதிக் கூட்டம் ஓக்லஹோமாவின் சிவப்பு, பாதி யு.டி.யின் ஆரஞ்சு. வெளியே ரோட்டில் அப்படிக் கோடு ஏதும் கிடையாது. ஒரு வருஷம் சிக்னலில் பக்கத்து வண்டிப் பையன்கள் அவர் பிளேட்டைப் பார்த்துவிட்டு, ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டி யு.டி. ரசிகர்களின் அடையாளமான கொம்பு காட்டினார்கள். அப்புறம் முன்சீட்டில் யு.டி. சட்டையோடு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஒருவன், "மேடம், உங்களைக் கடத்திக்கொண்டு போகிறாரா?" என்று கேட்டான். இவர் வீடு வரும்வரை பேசவில்லை.

காசு விஷயம் ஒன்று சொல்லவேண்டும். என் யு.டி. பிளேட்டுக்கு வருஷம் 30 டாலர், அதில் 22 டாலர் யுனிவர்சிட்டிக்குப் போகிறது. அவர் பிளேட் வேறு கணக்கு. அது மாநிலத்தோடு ஒப்பந்தம் போட்ட தனியார் விற்பனை, விலையும் கூட. விற்பவர் பங்கு போக மீதி டெக்சஸ் பொது நிதிக்குப் போகிறது. ஓக்லஹோமா மேல் பாசம் வைத்து டெக்சஸ் கஜானாவை நிரப்புகிற ஆள் என் வீட்டுக்காரர். இதைச் சொல்லிச் சொல்லியே பல சண்டையில் ஜெயித்திருக்கிறேன்.


ஹூஸ்டன், டெக்சஸ்

மேலே இருவரும் சொன்ன பிளேட்டுகள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கின்றன என்று தெரியுமா? நான் வக்கீல் இல்லை, ஒரு வக்கீல் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே காபி நேரத்தில் கேட்ட கதையை அப்புறம் தீர்ப்பையே எடுத்துப் படித்தேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடி போட்ட பிளேட் வேண்டும் என்று அந்தப் பக்கத்துப் போர்வீரர்களின் வாரிசுகள் சங்கம் ஒன்று கேட்டது. டெக்சஸ் மறுத்தது. வழக்கு 2015 ஜூனில் 5-4 என்று முடிந்தது. பிளேட்டில் இருப்பது அரசின் பேச்சு, எதை அச்சடிப்பது என்று அரசே முடிவு செய்யலாம் என்று பெரும்பான்மைக்காக நீதிபதி பிரேயர் எழுதினார். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி அலிட்டோ கேட்ட கேள்விதான் நமக்கு வேண்டியது. டெக்சஸ் ரோட்டோரம் உட்கார்ந்து போகிற வண்டிகளைப் பாருங்கள் என்கிறார். ஃபுட்பால் சீசன் தொடங்கும்போது நோட்டர் டேம், ஓக்லஹோமா ஸ்டேட், ஓக்லஹோமா, கான்சஸ் ஸ்டேட், அயோவா ஸ்டேட் என்று பிளேட்டுகள் போகும். எல்லாம் யு.டி.யோடு மோதப்போகிற டீம்கள். அப்படியானால் டெக்சஸ் அரசே எதிரணிக்குக் கைதட்டுகிறது, அதுவும் துரோகமாக, என்று நினைப்பீர்களா என்று கேட்கிறார்.

எனக்கு அலிட்டோவின் மற்ற தீர்ப்புகளில் பெரும்பாலும் ஒப்புதல் கிடையாது. ஆனால் இந்த இடத்தில் மனுஷன் கேட்பது நியாயம். தம்பியின் ஆரஞ்சு பிளேட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பெரியவர் டெக்சஸ் கவர்னரிடமா பேசினார்? தம்பியிடம்தானே பேசினார்.


ஃபேர்ஃபாக்ஸ், வர்ஜீனியா

எல்லாரும் சந்தோஷமாக எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், கோபிக்க வேண்டாம்.

என் மகள் தன் காலேஜ் பேர் போட்ட பிளேட்டோடு ஒரு வருஷம் ஓட்டினாள். ஒரு நாள் பெட்ரோல் போடும் இடத்தில் ஒருவன் வந்து, எந்த வருஷம் முடித்தாய், எந்த ஹாஸ்டல் என்று ஆரம்பித்துவிட்டான். அவனும் அங்கேதான் படித்தேன் என்றானாம். உண்மையோ பொய்யோ யாருக்குத் தெரியும்? அவள் அடுத்த வாரமே சாதா பிளேட்டுக்கு மாறிவிட்டாள். ஃபிரிஸ்கோ தம்பிக்கு நடந்ததும் இதே மாதிரிதான். ஆம்பிளைக்கு அது நல்ல கதை, தனியாகப் போகிற பெண்ணுக்கு அப்படி இல்லை.

காலேஜுக்கு உதவி என்று நினைத்து வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. எங்கள் மாநிலத்தில் உள்ளூர்க் காலேஜ் பிளேட்டுக்கு வருஷம் 25 டாலர். அந்தக் காலேஜின் பிளேட் 1,000 தாண்டிய பிறகு போகிறவற்றில்தான், ஒவ்வொன்றுக்கும் 15 டாலர் காலேஜ் கைக்குப் போகும். வெளிமாநிலக் காலேஜ் என்றால் பங்கு உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். உதவிதான் நோக்கம் என்றால் செக் எழுதி அனுப்புவது உத்தமம்.


அட்லாண்டா, ஜார்ஜியா

எங்களுக்கு முன்பக்க பிளேட்டே கிடையாது. பின்னால் மட்டும்தான் சட்டப்படி வேண்டும். அதனால் முன்பக்கம் அவரவர் இஷ்டம். கடையில் இருபது டாலருக்குள் ஏதாவது வாங்கி மாட்டலாம். இங்கே நான் அடிக்கடி பார்ப்பது, பிளேட்டை நடுவில் பிளந்து ஒரு பாதி ஜார்ஜியா யுனிவர்சிட்டி, மறு பாதி பக்கத்து மாநிலத்து க்ளெம்சன் யுனிவர்சிட்டி என்று போட்டது. புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, அந்தக் கூத்தாடி இங்கே பிளேட் கடைக்காரர்.

என் மச்சான் இதே மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு வர்ஜீனியாவுக்குக் குடிபோனான். அங்கே இரண்டு பக்கமும் அரசு பிளேட் வேண்டும். போலீஸ்காரர் நிறுத்தினார். நல்லவேளையாக அவரும் க்ளெம்சன். எச்சரித்து அனுப்பிவிட்டார். ஆனால் ஜார்ஜியா பாதியைக் காட்டி, "அந்தப் பக்கத்துக்காக அபராதம் போட்டிருக்கவேண்டும்" என்றாராம்.


சான் ஹோசே, கலிஃபோர்னியா

உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. இங்கே புது பிளேட் வேண்டும் என்றால் 7,500 பேர் முன்கூட்டியே பணம் கட்டவேண்டும். உள்ளூர்க் காலேஜ்களிலேயே யு.சி.எல்.ஏ.வைத் தவிர வேறெதற்கும் பிளேட் இல்லை. வெளிமாநிலத்துக்கு எங்கே போவது? நாங்கள் எல்லாம் பிரேம் கட்சி. சாதா பிளேட்டைச் சுற்றி காலேஜ் பேர் போட்ட பிரேம் மாட்டிக்கொள்வோம். எழுத்து பொடிசு. யாரும் படிப்பதற்குள் சிக்னல் விழுந்துவிடும். அதனால் எனக்கு இதுவரை ஒரு கதையும் நடக்கவில்லை.


ஜாக்சன்வில், ஃபுளோரிடா

நான் ஏதன்ஸில் படித்தவள், ஜார்ஜியா யுனிவர்சிட்டி. ஃபுளோரிடா யுனிவர்சிட்டிக்கும் எங்களுக்கும் நடக்கும் ஃபுட்பால் மேட்ச் வழக்கமாக எங்கள் ஊரில்தான் நடக்கும். 2020-ல் இங்கே ஒரு சட்டம் வந்தது. ஜார்ஜியா, ஆபர்ன், அலபாமா என்ற மூன்று வெளிமாநில யுனிவர்சிட்டிகளுக்கும் ஃபுளோரிடா பிளேட் போட வழி திறந்தார்கள். ஆயிரக்கணக்கில் முன்பதிவு சேர்ந்தால்தான் அச்சு என்று நிபந்தனையும் வைத்தார்கள்.

செய்தி வந்த அன்று எதிர்வீட்டுப் பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். மூன்று தலைமுறையாக கேட்டர்ஸ், அதாவது ஃபுளோரிடா யுனிவர்சிட்டி டீமின் ரசிகர் குடும்பம். வாசலில் முதலை பொம்மை வைத்திருப்பவர். எங்கள் ஜார்ஜியா டீமின் சின்னம் புல்டாக். "என் மாநிலத்து வண்டியில் அந்த நாய்ப்படமா?" என்று கேட்டார். ஹூஸ்டன் சார் சொன்ன துரோகக் கேள்வியை இந்தப் பாட்டியிடம் கேட்டிருந்தால் அலிட்டோவுக்கு வேறு பதில் கிடைத்திருக்கும். ஃபேர்ஃபாக்ஸ் அக்கா சொன்னதும் மனதில் ஓடுகிறது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தனியாக வருகிறவள் நான். இருந்தாலும் புல்டாக் பிளேட்டை மாட்டிக்கொண்டு பாட்டி வீட்டு முன்னால் ஒரு தடவையாவது மெதுவாக ஓட்டிப் போகவேண்டும். அவரிடம் இதைச் சொல்லியும் விட்டேன். முட்டை வாங்கி வைத்துக் காத்திருப்பதாகப் பதில் வந்தது.