டிஃபால்ட் பாலிசி பச்சையாக இருந்தால் போதுமா? மால்வேர் அறிவிப்பு ஆடிட் ஸ்கிரிப்ட்

பனியன்_சர்வர்:
வணக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் ஐடி பார்க்கிறேன். மெயில் எல்லாம் மைக்ரோசாஃப்ட் 365. பையர் அனுப்பும் ஜிப்பும் எக்செல்லும் மெர்ச்சண்டைசிங், கணக்கு, பேக்கிங் என்று உள்ளேயே கைமாறிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வரும் வைரஸ் தினமும் தடுக்கப்படுகிறது, அதற்கெல்லாம் எனக்கு மெயில் வேண்டாம். நம் ஆள் ஒருவரின் மெயில் கணக்கிலிருந்து கிளம்பினால்தான் கவலை: ஒன்று பாஸ்வேர்டு போயிருக்கும், இல்லை கம்ப்யூட்டர் போயிருக்கும். அப்படி நடந்தால் அட்மினுக்கு மெயில் போகும் அறிவிப்பு ஒன்று இருக்கிறது. சிஐஎஸ் பெஞ்ச்மார்க்கும் (பாதுகாப்பு செட்டிங்குகளுக்கான பரிந்துரைப் பட்டியல்) இந்த அறிவிப்பைத்தான் ஆன் செய்யச் சொல்கிறது.

வாராவாரம் ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட் ஓட்டுகிறேன். கெட்-மால்வேர்ஃபில்டர்பாலிசி (வைரஸ் தடுப்புப் பாலிசிகளைக் காட்டும் கட்டளை) கொடுத்து, டிஃபால்ட் பாலிசியில் உள் அனுப்புநருக்கான அட்மின் அறிவிப்பு ஆன் ஆக இருக்கிறதா, முகவரி காலியாக இல்லையா என்று மட்டும் பார்க்கும். எப்போதும் பச்சைதான். ஆனால் கணக்குப் பிரிவுக்குத் தனி பாலிசி இருக்கிறது, டைரக்டர்களுக்கு ஸ்ட்ரிக்ட் பிரீசெட் (மைக்ரோசாஃப்டே தயாராகக் கொடுக்கும் கடுமையான பாலிசி). எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் ஒரே சிவப்பு. இதில் எதை நம்புவது? இன்னொன்று, ஒவ்வொரு முறையும் நானே உட்கார்ந்து லாகின் செய்ய வேண்டியிருக்கிறது.

ராத்திரி_ஷிஃப்ட்:
சார், பாலிசியை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். பாலிசி வேறு, அதை யாருக்குப் பொருத்துவது என்று சொல்லும் ரூல் வேறு. கெட்-மால்வேர்ஃபில்டர்ரூல் போட்டுப் பாருங்கள். பிரீசெட்டின் ரூல் அதில் வராது, அதற்கு கெட்-ஈஓபிபுரொடெக்‌ஷன்பாலிசிரூல் போட வேண்டும். நீங்களே உருவாக்கியவற்றில் ரூலே இல்லாத பாலிசியும், ரூல் டிசேபிள் ஆகிக் கிடக்கும் பாலிசியும் யாரையும் தொடாது. யாரோ சோதனைக்கு உருவாக்கி மறந்தவையாக இருக்கும், உங்கள் சிவப்பில் பாதி அதுவாகத்தான் இருக்கும். டிஃபால்ட்டுக்கு ரூல் கிடையாது, மிச்சம் இருப்பவர்கள் எல்லாம் அதில் விழுவார்கள்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: அறிவிப்பு அனுப்புநரைப் பற்றியது, ஆனால் பாலிசி பொருந்துவது பெறுநரை வைத்து. மெர்ச்சண்டைசர் ஒருவர் கணக்குப் பிரிவுக்கு வைரஸ் அனுப்பினால், கணக்குப் பிரிவின் பாலிசி சொல்வதுதான் நடக்கும். டிஃபால்ட் ஆன் ஆக இருந்து என்ன பயன்? வரிசை: ஸ்ட்ரிக்ட், ஸ்டாண்டர்ட் (இரண்டும் பிரீசெட்), பிறகு உங்கள் சொந்தப் பாலிசிகள் (முன்னுரிமை எண் 0தான் முதல்), கடைசியில் டிஃபால்ட். ஒன்று பொருந்திவிட்டால் அடுத்ததைப் பார்க்காது. ஆகவே ஸ்கிரிப்ட் பாலிசி பாலிசியாகப் போகாமல், "இந்த மெயில்பாக்ஸுக்கு எது பொருந்துகிறது" என்று கேட்க வேண்டும்.

பிரீசெட்டில் இந்த அறிவிப்பு ஆஃப், அதை நாம் மாற்றவும் முடியாது. அதற்காக டைரக்டர்களை ஸ்ட்ரிக்ட்டிலிருந்து வெளியே எடுக்காதீர்கள். விதிவிலக்கு என்று காரணத்தோடு ஆடிட் ஃபைலில் எழுதிவிடுங்கள், ஸ்கிரிப்ட் அதை மஞ்சளாகக் காட்டட்டும்.

கருப்பட்டி_காபி:
முகவரி காலியாக இல்லை என்பதோடு நிறுத்தாதீர்கள் அண்ணே. நான் முன்பு இருந்த இடத்தில் அறிவிப்பு முழுக்க வேலையை விட்டுப் போனவர் பெயருக்குப் போய்க்கொண்டிருந்தது. ரிப்போர்ட்டில் பச்சை! கெட்-ரெசிப்பியன்ட் வைத்து அந்த முகவரி உயிரோடு இருக்கிறதா பாருங்கள். தனி ஆள் வேண்டாம், இரண்டு பேராவது திறந்து படிக்கும் ஷேர்ட் மெயில்பாக்ஸ் போடுங்கள்.

அப்புறம் நிஜமாக ஒரு தடவை சோதியுங்கள். ஆன்டிவைரஸைச் சோதிக்கவே உருவாக்கிய ஐகார் சோதனைக் கோப்பு இருக்கிறதே, வெறும் 68 எழுத்து, ஆபத்து இல்லாதது. சோதனைக் கணக்கிலிருந்து ஒவ்வொரு பாலிசியிலும் உள்ள ஒருவருக்கு அதை அனுப்புங்கள். உங்கள் கம்ப்யூட்டரின் ஆன்டிவைரஸ் அதை முதலில் விழுங்கிவிடும் என்பதால் தனி விர்ச்சுவல் மெஷினில், அந்த ஃபோல்டருக்கு விலக்கு கொடுத்துச் செய்யுங்கள். ஏதாவது ஒரு எக்ஸ்இ அனுப்பிச் சோதிக்காதீர்கள். அது கோப்பு வகைக்காகத் தடைபடலாம், ஆனால் மால்வேர் என்று முடிவானால்தான் அட்மினுக்கு மெயில் வரும்.

லாகின் தொல்லைக்கு: என்ட்ராவில் (மைக்ரோசாஃப்டின் லாகின், அனுமதி நிர்வாகத் தளம்) ஓர் ஆப் பதிவு செய்து, சர்டிஃபிகேட் வைத்து, எக்ஸ்சேஞ்ச்.மேனேஜ்ஆஸ்ஆப் அனுமதி கொடுங்கள். ரோல் குளோபல் ரீடர் போதும், படிக்க மட்டும்தானே. சர்டிஃபிகேட் காலாவதி தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு திங்கட்கிழமை ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் நின்றிருக்கும்.

பனியன்_சர்வர்:
இருவருக்கும் நன்றி. ரூலோடு சேர்த்துப் பார்த்ததில் சிவப்பு இரண்டாகக் குறைந்தது. கணக்குப் பிரிவு பாலிசியில் முகவரி சரியாக இருக்கிறது, அறிவிப்புதான் ஆஃப். அதை ஆன் செய்துவிட்டேன். டைரக்டர்கள் விஷயத்தை விதிவிலக்காக எழுதி ஆடிட்டருக்கு அனுப்பப் போகிறேன். ஐகார் சோதனை இந்த வாரம், சம்பளப் பட்டியல் முடிந்த பிறகு. அதற்கு முன் கணக்குப் பிரிவின் மெயிலில் கை வைத்தால் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.