இத்தாலிய வினை அட்டவணை: 'கொஞ்சுந்தீவோ', 'கொந்திட்ஸியோனாலே' இரண்டுக்கும் தமிழ்ப் பெயர் வேண்டும்

பலெர்மோ ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பலெர்மோவில் நம் ஆட்களுக்கு ஞாயிறுதோறும் இத்தாலிய வகுப்பு நடத்துகிறோம். நீண்டகால வதிவிட அனுமதிக்கு இத்தாலிய மொழியில் ஏ2 (எளிய அன்றாடப் பேச்சு) மட்டச் சான்று கேட்கிறார்கள். குடியுரிமைக்கு 2018-இலிருந்து அதற்கு அடுத்த மட்டமான பி1 வேண்டும். பல வருடமாக இங்கே வேலை செய்கிறவர்கள்கூடக் கொப்பியும் பேனையுமாக வந்து இருக்கிறார்கள். அவர்களுக்காக 'பார்லாரே' (பேசுதல்) என்ற ஒழுங்கான வினையை எல்லாப் பாங்கிலும் (அறிவிப்பு, ஏவல் போன்ற வினை வகைகள்) காலத்திலும் விரித்து ஒரே தாளில் போடுகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

அறிவிப்புப் பாங்கின் எட்டுக் காலங்களுக்கும் பெயர் வைத்தாயிற்று. 'பார்லோ, பார்லி, பார்லா' நிகழ்காலம். 'ஓ பார்லாத்தோ' அண்மை இறந்தகாலம், 'பார்லாய்' சேய்மை இறந்தகாலம். வட இத்தாலியில் பேச்சில் 'பார்லாய்' அரிது. இங்கே சிசிலியில் சற்றுமுன் நடந்ததையும் அப்படித்தான் சொல்கிறார்கள். பெயரை வைத்துத் தூரத்தை அளக்காதீர்கள் என்று அடியில் ஒரு வரி போடுகிறேன். ஏவல், எச்சங்கள் எல்லாவற்றுக்கும் தமிழில் இருப்பதே போதும்.

மிச்சம் இரண்டு பாங்கு. கொஞ்சுந்தீவோ, நினைப்பு, விருப்பம் போன்றவற்றோடு வருவது: 'கே இயோ பார்லி, கே து பார்லி, கே லூயி பார்லி'. கொந்திட்ஸியோனாலே: 'பார்லெரெய், பார்லெரெஸ்தி' (வாய்ப்பிருந்தால் பேசுவேன், பேசுவாய்). படிக்கிறவர்களுக்கு விளங்குகிற பெயராகச் சொல்லுங்கள்.

தஞ்சைத் தமிழாசிரியர்:

அம்மா, முதலாவதற்குப் புதுச்சொல் எதற்கு? வியங்கோள் இருக்கிறது. 'வீவா லித்தாலியா' என்கிறார்களே, அந்த 'வீவா' என்ன? 'வீவெரே' (வாழ்தல்) என்ற வினையின் கொஞ்சுந்தீவோ வடிவம். 'இத்தாலி வாழ்க' என்பதுதான் அது. 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரிய ஆட்சியின் கீழ் 'வீவா வெர்தி' என்று முழங்கினார்கள். கேட்பதற்கு இசையமைப்பாளர் வெர்திக்கு வாழ்த்து. எழுத்தைப் பிரித்தால் 'வித்தோரியோ எமனுவேலே, இத்தாலியின் அரசர்'. ஒரு வியங்கோளுக்குள் ஒரு விடுதலைப் போராட்டமே இருந்திருக்கிறது.

நீங்கள் எழுதிய வரியையே பாருங்கள். நான், நீ, அவன் மூன்றுக்கும் 'பார்லி' ஒன்றுதான். நம் வியங்கோளும் அப்படியே: நான் வாழ்க, நீ வாழ்க, அவன் வாழ்க. நன்னூலார் 'இயலும் இடம்பால் எங்கும் என்ப' என்றார். தொல்காப்பியர் மட்டும் 'முன்னிலை தன்மை ஆயீரிடத்தொடு மன்னா தாகும்' என்று படர்க்கையோடு நிறுத்துகிறார். இவ்விருவருக்கும் நடுவில் வழக்கு எப்படி விரிந்தது என்பது தனியாகப் பேச வேண்டியது. மரியாதைக்குரியவரிடம் 'பேசுங்கள்' என்று சொல்லவும் இத்தாலியர் இந்த 'பார்லி'யைத்தானே எடுக்கிறார்கள்? 'வருக, அமர்க' என்று நாம் சொல்வதில்லையா?

சென்னை மொழியியல் மாணவர்:

ஐயா, வடிவ ஒற்றுமை அழகாக இருக்கிறது. பயன்பாட்டுக்கு வந்தால் உடைந்துவிடுகிறது. ஒரே 'பார்லி' தமிழில் எத்தனை வேடம் கட்டுகிறது பாருங்கள்:

'க்ரேதோ கே பார்லி': அவர் பேசுகிறார் என்று நினைக்கிறேன்.
'வோலியோ கே பார்லி': அவர் பேச வேண்டும் என்று விரும்புகிறேன்.
'பென்கே பார்லி': அவர் பேசினாலும்.
'கே பார்லி!': பேசட்டும்!

இதில் கடைசி ஒன்றுதான் வியங்கோள். முதலாவதில் தமிழ் சாதாரண வினைமுற்றைப் போட்டு 'என்று' சேர்த்துவிடுகிறது. தனி வடிவமே இல்லை. இல்லாத ஒன்றுக்கு இருக்கும் பெயரை வைத்தால், 'அவர் பேசுகிறார் என்று நினைக்கிறேன்' என்பதில் மாணவர் வாழ்த்தையும் வேண்டுதலையும் தேடுவார். இந்த வடிவம் பெரும்பாலும் இன்னொரு வாக்கியத்தைச் சார்ந்தே வருவதால் 'சார்வினைப் பாங்கு' என்று வைக்கலாம். கிரேக்கப் பெயரும் 'கீழ்ப்படுத்தி அமைப்பது' என்ற பொருளில்தான் உண்டானது.

கோவை மொழிபெயர்ப்பாளர்:

சார்வினை, வியங்கோள் இரண்டுமே வேண்டாம். ஒலிபெயர்த்து 'கொஞ்சுந்தீவோ' என்றே போடுங்கள். இந்த மக்கள் நாளைக்கு இத்தாலியப் பாடப்புத்தகத்தைத் திறப்பார்கள். அங்கே இந்தச் சொல்தான் இருக்கும். தேர்வில் கேட்பவர் 'சார்வினை' என்று கேட்கப்போவதில்லை. நாள் முழுவதும் வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்கு இரண்டு பெயரைச் சுமத்துவது நியாயமா? தனித்தமிழ் எனக்கும் பிடிக்கும்; ஆனால் யாருக்காக எழுதுகிறோம் என்பதுதான் முதலில்.

தஞ்சைத் தமிழாசிரியர்:

தூய்மை என்றால் நாம் மட்டும் பிடிவாதக்காரர்கள் போலப் பேசுகிறீர்கள். 1583-இல் ஃபிளாரன்சில் தொடங்கிய க்ரூஸ்கா கழகத்தின் பெயருக்கே 'தவிடு' என்று பொருள். மொழியைச் சலித்துத் தவிட்டை நீக்கி மாவை எடுப்பது அவர்கள் கொள்கை. அதற்காகவே 1612-இல் அகராதி போட்டார்கள். அந்த நாட்டு இலக்கணத்தைத் தமிழில் சொல்லும்போது நாமும் கொஞ்சம் சலிக்கலாம்.

அப்புறம், 'ந்தீ' என்று தமிழில் எழுதினால் 'த' மெலிந்து ஒலிக்கும். அவர்கள் ஒலி வல்லினம். 'ஞ்சு' சரியாக விழுகிறது, 'ந்தீ' விழவில்லை. ஆகவே ஒலிபெயர்ப்பும் முழுசாக இல்லை.

சார்வினையில் எனக்கு மனமில்லை. லத்தீனில் இதன் வேர் 'இணைத்தல்'. அதோடு சேர்ந்தது 'யூகும்', அதாவது நுகத்தடி. வடமொழி 'யுகம்' இதற்கு உடன்பிறப்பு. நம் 'நுகம்' இந்தக் குடும்பத்தில் எங்கே நிற்கிறது என்பது ஆராயத்தக்கது. நுகத்தில் பூட்டிய இரண்டு மாடு போல இரண்டு வினை சேர்ந்து இழுப்பதால், வியங்கோள் வேண்டாம் என்றால் 'பிணைவினை' என்றாவது வையுங்கள். 'சார்வினை' என்பதில் அடிமைத்தனம் தெரிகிறது.

சென்னை மொழியியல் மாணவர்:

ஐயா, நுகத்தை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமே.

திருச்சி அன்பர்:

இந்த இழையில் வீரமாமுனிவர் பெயர் இன்னும் வரவில்லையே? 1680-இல் இத்தாலியில் காஸ்திலியோனேயில் பிறந்தவர். கொடுந்தமிழுக்கு லத்தீனில் அவர் எழுதிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. ஓர் இத்தாலியர் நம் வினைகளை லத்தீன் இலக்கணச் சொற்களில் ஐரோப்பியருக்கு விளக்கினார். இப்போது நீங்கள் அதையே எதிர்த்திசையில் செய்கிறீர்கள்.

எகர ஏகார வரிவடிவ வேறுபாட்டை நிலைநிறுத்தியவர் என்று அவரைச் சொல்வோம். அது இங்கே நேரடியாக உதவும். 'பார்லெரேமோ' என்றால் 'பேசுவோம்', எதிர்காலம். 'பார்லெரெம்மோ' என்றால் கொந்திட்ஸியோனாலே, 'வாய்ப்பிருந்தால் பேசுவோம்'. ஒரு 'ம்' கூடியதும் பாங்கே மாறுகிறது. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் இந்த இரட்டிப்பைக் காதில் வாங்கத் திணறுவார்கள். பனி, பன்னி என்று பிரித்துப் பழகிய நமக்கு அது சுலபம். நெடிலும் ஒற்றை மெய்யும் ஓரிடம், குறிலும் இரட்டை மெய்யும் இன்னோரிடம். தமிழ் எழுத்தில் பளிச்சென்று தெரிகிறது. தாளில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

பலெர்மோ ஆசிரியை:

அதைக் கட்டாயம் போடுகிறேன், அண்ணா. வகுப்பில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் அது.

எல்லோரும் கொஞ்சுந்தீவோவையே சுற்றுகிறீர்கள். எனக்குப் பயம் மற்றதில். அதற்கு 'நிபந்தனைப் பாங்கு' என்று எளிதாக எழுதிவிடலாம், இத்தாலியப் பெயருக்கும் பொருள் அதுதான். ஆனால் நிபந்தனை இருக்கிற இடத்தில் அது வராது!

'ஸே பார்லாஸ்ஸி இத்தாலியானோ, த்ரோவெரெய் லவோரோ.' இத்தாலியன் பேசினால் வேலை கிடைக்கும் என்று சொல்ல வருகிறார். பேசத் தெரியாது, அதுதான் நிலைமை. 'ஸே' என்கிற 'ஆல்' பக்கத்தில் கொஞ்சுந்தீவோவின் இறந்தகாலம், 'பார்லாஸ்ஸி'. வேலை கிடைக்கிற பக்கத்தில்தான் கொந்திட்ஸியோனாலே, 'த்ரோவெரெய்'. நமக்கு 'ஆல்' ஒட்டுவது முதல் வினையில். 'நிபந்தனை' என்று பெயர் பார்த்தவர் நேரே 'ஸே பார்லெரெய்' என்று எழுதுகிறார். எங்கள் வகுப்பில் திரும்பத் திரும்ப இதைத்தான் திருத்துகிறோம். இத்தாலியப் பிள்ளைகளே பள்ளியில் இதற்குத் திட்டு வாங்குகிறார்கள். அவர்களைக் குழப்புகிற பெயரை நாம் மொழிபெயர்த்து வாங்கிக்கொள்ள வேண்டுமா? பெயர் எதுவாக இருந்தாலும், வினையைத் தவறான பக்கத்தில் வைக்கச் சொல்லக் கூடாது. எனக்கு அது ஒன்றே போதும்.

கோவை மொழிபெயர்ப்பாளர்:

இது வலுவான காரணம். 'விளைவுப் பாங்கு'?

தஞ்சைத் தமிழாசிரியர்:

'ஆல்' பக்கத்துக்குத் தொல்காப்பியத்திலேயே 'செயின்' என்ற வாய்பாடு உண்டு. 'பார்லாஸ்ஸி'யைச் 'செயின் வடிவம்' என்றும், 'த்ரோவெரெய்'யைச் 'செயின்முடிபு' என்றும் சொல்லலாம். செயின் என்ற எச்சம் கொண்டு முடிகிற முற்று. இலக்கணம் படித்தவர் உடனே பிடிப்பார்.

கோவை மொழிபெயர்ப்பாளர்:

இலக்கணம் படித்தவர் பிடிப்பார், ஐயா. கழுத்துச் செயினை நினைக்கிறவர்கள்தான் வகுப்பில் அதிகம் இருப்பார்கள்.

சென்னை மொழியியல் மாணவர்:

'விளைவு' என்பதும் முழுதாகப் பொருந்தாது என்பதைப் பதிவு செய்கிறேன். கடையில் 'வோர்ரெய் உன் கஃபே' என்று பணிவாகக் கேட்பதில் எதன் விளைவு இருக்கிறது? 'பேசுவேன் என்று சொன்னான்' என்பதற்கு 'ஆ தெத்தோ கே அவ்ரெப்பே பார்லாத்தோ' என்கிறார்கள். அங்கே இந்தப் பாங்கு இறந்தகாலத்திலிருந்து பார்க்கும் எதிர்காலம். வரலாற்றிலும் இது எதிர்காலத்தின் இரட்டைப் பிள்ளை. 'பார்லாரே'யோடு 'உடைமை' வினையின் நிகழ்காலம் ஒட்டி 'பார்லெரோ' ஆனது. அதன் இறந்தகாலம் ஒட்டி 'பார்லெரெய்' ஆனது. ஆகவே 'தொலைநோக்கு எதிர்வு' என்றோ…

திருச்சி அன்பர்:

தம்பி, ஒரே தாளில் போட வேண்டும். பெயருக்கே பாதித் தாள் போய்விடும்.

பலெர்மோ ஆசிரியை:

நாளைக்குக் காலை அச்சகம் திறக்கும். இதுவரை சொன்னவற்றில் கொஞ்சுந்தீவோவுக்குச் 'சார்வினைப் பாங்கு', கொந்திட்ஸியோனாலேக்கு 'விளைவுப் பாங்கு' என்று எடுத்துக்கொள்கிறேன். கோவை அண்ணா சொன்னபடி ஒவ்வொன்றின் கீழும் இத்தாலியப் பெயர் தமிழ் எழுத்தில் வரும். 'வோர்ரெய்'க்குத் தனிப் பெட்டி, 'பணிவு' என்று. 'வீவா', 'கே பார்லி!' இரண்டின் பக்கத்தில் 'வியங்கோள் போல' என்று குறிப்பு. இப்படிக் கொடுத்துவிடுகிறேன். மாற்றம் வேண்டுமென்றால் அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

தஞ்சைத் தமிழாசிரியர்:

அம்மா, 'போல' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். அது வியங்கோளேதான். மற்றதை உங்கள் வசதிப்படி செய்யுங்கள். என் மறுப்பு இந்த இழையில் பதிவாகட்டும்.

சென்னை மொழியியல் மாணவர்:

'போல' இருக்கட்டும் என்பது என் வாக்கு. கொஞ்சுந்தீவோவின் நான்கு காலங்களுக்கு என்ன பெயர் போடுகிறீர்கள்? அதைப் பற்றி யாரும் பேசவே இல்லையே.