பொருள்: 'ஆன்டிஹிஸ்டமின்' தமிழில் என்ன?

காட்பாடி, கால்நடை மருத்துவர்:

அனைவருக்கும் வணக்கம். மாட்டுப் பொங்கலுக்கு முன் ஊர் ஊராகக் கொடுக்க வேண்டிய கையேடு அச்சுக்குப் போகணும். மருந்துப் பக்கம் மட்டும் நிற்கிறது. குளவி கொட்டி மாட்டுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போனால் குளோர்பெனிரமின் போடுகிறோம். அதை 'ஒவ்வாமை எதிர்ப்பி' என்று எழுதிவிட்டேன். ஆனால் இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ரானிடிடினும், ஒவ்வாமையில் தடிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற உடல் வேதிப்பொருளைத் தடுப்பதுதான். முன்னது ஹெச்1 ஏற்பியில் (ஏற்பி என்பது ஹிஸ்டமின் போய் ஒட்டும் இடம்), பின்னது இரைப்பையிலுள்ள ஹெச்2 ஏற்பியில். இரண்டையும் அடக்கும் சொல் ஒன்று வேண்டும்.

குடியாத்தம், தமிழாசிரியர்:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். வடசொல்லையே 'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடவெழுத்தை நீக்கி, எழுதச் சொன்னார் தொல்காப்பியர். கிரேக்கச் சொல்லுக்கு மட்டும் ஏன் விலக்கு? ஹிஸ்டோஸ் என்றால் கிரேக்கத்தில் தறி, தறியில் நெய்தது. திசுவுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ஈழத்தார் திசுவை 'இழையம்' என்பதும் இழையிலிருந்து வந்ததே. எங்களூர் தறி ஊர். இழை என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனவே ஹிஸ்டமின் 'இழையமைன்', மருந்து 'இழையமைன் தடுப்பி'.

ஆற்காடு, மருந்துக்கடைக்காரர்:

வாத்தியாரய்யா கோபிக்கக் கூடாது. கடைக்கு வர்றவர் ஒவ்வாமை ஊசியின் வணிகப் பெயரைச் சொல்லி 'அவில் ஊசி குடுங்க' என்கிறார். சீட்டில் குளோர்பெனிரமின் என்றிருந்தால் அதைப் படித்து எடுத்துத் தருவோம். 'இழையமைன்' எந்தப் புட்டியிலும் இல்லை. அவசரத்தில் மாடு படுத்துக்கொண்டிருக்கும்போது யார் போய் அகராதி புரட்டுவது?

குடியாத்தம், தமிழாசிரியர்:

புட்டியில் இல்லாததால் சொல்லே கூடாதா? 'ஏற்பி'யும் எந்தப் புட்டியிலும் இல்லை. டாக்டர் எழுதினார், எல்லோருக்கும் புரிந்தது.

காட்பாடி, கால்நடை மருத்துவர்:

ஐயா, அதைவிடப் பெரிய கவலை ஒன்று. ரானிடிடினுக்கு நேராக 'அமில எதிர்ப்பி' என்று ஒருவர் திருத்தி அனுப்பியிருக்கிறார். மாட்டுக்கு இரைப்பை நான்கு அறை. அமிலம் சுரப்பது நான்காவதில் மட்டும். பொங்கலன்று அன்பாக வாளி வாளியாய்ச் சோறும் பொங்கலும் வைக்கிறோம். 'டாக்டர், மாடு அசை போடாம படுத்துனு கீது, வயிறு உப்பினு கீது' என்று மறுநாள் போன் வரும். அங்கே முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் மாவுச்சத்தைப் புளிக்க வைத்து லாக்டிக் அமிலம் உண்டாக்கியிருக்கும், காரகாடிநிலை (pH) 5.5-க்கும் கீழே இறங்கிவிடும். அந்த அமிலம் உண்டாவதில் ஹிஸ்டமினுக்கு வேலையே இல்லை, எனவே ரானிடிடின் அதை ஒன்றும் செய்யாது. வேண்டியது சோடா உப்பும் உடனடி சிகிச்சையும். 'அமில எதிர்ப்பி' என்று படித்தவர் வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பார். மாடு போய்விடும்.

வேலூர், ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்:

அப்படியானால் வினையைப் பார்த்துப் பிரிப்போம். உள்ள அமிலத்தைச் சமன் செய்வது 'அமிலமுறி', நச்சுமுறி போல. சோடா உப்பு அது. சுரக்கவிடாமல் செய்வது 'அமிலச் சுரப்புத் தடுப்பி'. ரானிடிடின் அது. இகர விகுதி வினைமுதலைக் காட்டும். சினத்தைச் 'சேர்ந்தாரைக் கொல்லி' என்கிறது குறள். ஆன்டிஹிஸ்டமின் ஹிஸ்டமினைக் கொல்வதுமில்லை, முறிப்பதுமில்லை. ஹிஸ்டமின் உட்காரவேண்டிய இடத்தில் மருந்து போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே 'எதிர்ப்பி'யும் 'முறி'யும் பிழை, 'தடுப்பி' சரி. ஹிஸ்டமின் அப்படியே இருக்கட்டும்.

ஆற்காடு, மருந்துக்கடைக்காரர்:

'ஹிஸ்டமின் தடுப்பி'க்கு என் ஓட்டு. அப்படியே வாந்தி மருந்துக்கும் ஒரு வார்த்தை முடித்துவிடுங்கள், நாய் வளர்ப்பவர்கள் நிறையக் கேட்கிறார்கள்.

காட்பாடி, கால்நடை மருத்துவர்:

'வாந்தி தடுப்பி' போதும். நாய், பூனைப் பக்கத்தில் மட்டும் போடுகிறேன். குதிரை வாந்தி எடுக்காது. 'ஹிஸ்டமின் தடுப்பி', 'அமிலமுறி', 'அமிலச் சுரப்புத் தடுப்பி' மூன்றும் இன்றிரவு அச்சகத்துக்குப் போகின்றன. சோற்றமிலத்துக்கு ரானிடிடின் உதவாது என்பதைத் தனிக் கட்டத்தில் தடித்த எழுத்தில் போடுகிறேன்.

குடியாத்தம், தமிழாசிரியர்:

தடுப்பியும் முறியும் எனக்குச் சம்மதம். ஹிஸ்டமினுக்கு இல்லை. ஹகரமும் ஸகரமும் இல்லாத சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாமென்கிறோம். சொல்லடைவில் 'இழையமைன்' என்று ஒரு வரியாவது சேருங்கள் ஐயா.